ஒப்புக்குச் சொன்ன வேண்டாம்

அத்தியாயம் பதினான்கு

அபூசாலி ஹாஜியார் கழுத்துப் பொத்தானைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் போட்டார்.

"என்னத்துக்கு இந்தப் பாடு? கலியாண மாப்பிள்ளையா நீங்க?" என்றார் மனைவி ஹவ்வா உம்மா, அறை வாசலில் நின்றபடி.

"கூட்டத்துக்குப் போற ஆள் கூட்டத்துக்குப் போற மாதிரித்தான் போக வேணும்."

மனிதருக்கு உள்ளே உதறல் எடுத்தால் அது சட்டைப் பொத்தானில்தான் வெளிப்படும் என்பது ஹவ்வா உம்மாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுகிற பெண்மணியும் அல்லர் அவர்.

உதறலுக்குக் காரணம் இருந்தது. மணற்குடாப் பாலர் பாடசாலையின் விளையாட்டு மணலில், போன கிழமை ஒரு காலையில் சிவப்புத் துணி கட்டிய அளவுக்குச்சிகள் முளைத்திருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விசாரிக்கப் போனால் அது வேறு யாருடைய வேலையும் அல்ல. ஹவ்வா உம்மாவின் அண்ணன் மகன் நிஸாருடைய வேலை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றுக் கிளம்பியதும் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் வழுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குக் கரையோரம் விடுதி நடத்துகிறான் நிஸார். வண்டி நிறுத்த இடம் போதவில்லை. பிள்ளைகளின் மணலைத் தந்தால், பெருந்தெருவுக்கு அப்பால் பாடசாலைக்குப் புதுக் கட்டடம் எழுப்பித் தருகிறானாம்.

பெருந்தெருவுக்கு அப்பால்! கல்பிட்டி வீதியில் வெங்காய லொறியும் டிப்பரும் பறக்கிற பறப்பில், வளர்ந்த மனிதர்களே கலிமாச் சொல்லிக்கொண்டுதான் மறுபக்கம் போகிறார்கள். பால்மணம் மாறாத பிள்ளைகள் என்ன செய்யும்?

அந்த நிலம் ஹாஜியாருடைய வாப்பா பிள்ளைகளுக்கென்று எழுதிக் கொடுத்த நிலம். பாடசாலைச் சங்கத் தலைவரின் கையொப்பம் இல்லாமல் அதில் ஒரு கம்பிகூட நட முடியாது. சங்கம் தொடங்கிய நாள் தொட்டுத் தலைவர் அபூசாலி ஹாஜியார்தான். இன்று பிற்பகல் பொதுக்கூட்டம். புதிய நிர்வாக சபைத் தெரிவு.

"நிஸாரும் வருவானோ?" என்று கேட்டார் ஹாஜியார், தொப்பியைத் தட்டியபடி.

"வந்தா வரட்டுமே. எங்கட காக்காட மகன்தானே. கடிச்சுத் திண்டுருவானா?"

"ஆளைத் திங்க மாட்டான். ஒங்கட காக்காட மகன் நிலத்தைத்தான் திண்ணுவான்."

ஹவ்வா உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிப் பக்கம் போனார்.

பாடசாலைக்கு ஹாஜியார் நடந்தே போனார். பிறத்தியார் முன்னிலையில் ஆட்டோவில் போய் இறங்குவது பதவிக்கு ஓடி வருகிறவனின் அடையாளம் என்பது அவர் எண்ணம். மணற்குடாவில் தலைமை என்பது கேட்டுப் பெறுகிற பொருள் அல்ல. ஒருவர் பெயரைப் பிரேரிப்பார். பெயருக்குரியவர் எழுந்து, எனக்கு வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்பார். சபை மன்றாடும். அவர் மறுபடியும் மறுப்பார். சபை இன்னும் உரக்க மன்றாடும். பிறகுதான், ஊர்ச் சொல்லைத் தட்ட முடியாத மனிதராக அவர் தலையசைப்பார். வேண்டும் என்று வாய் திறந்து சொல்கிறவன் கந்தூரி விருந்து வீட்டில் எல்லாருக்கும் முந்திக் கை கழுவுகிறவனுக்குச் சமம்.

மண்டபத்தில் அவருடைய மருமகள் றைஸா கதிரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். கட்டாரில் வேலை செய்கிற மகன் அஸ்ஜதின் மனைவி. அவளுடைய சிறிய மகள் இங்கேதான் படிக்கிறாள். சங்கத்தின் செயலாளரும் அவள்தான். மூலையிலிருந்து எழுதுகிற வேலைதானே என்று ஹாஜியார் அதற்குச் சம்மதித்திருந்தார். தம் வீட்டுப் பெண்ணின் பெயர் ஆண்கள் நிறைந்த சபையில் கூவப்படுவதை அவர் விரும்பியதில்லை.

"மாமா, பள்ளிவாசல் கதிரை பாதிதான் வந்தது. மிச்சப் பேர் புள்ளைகள்ற கதிரையிலதான் இரிக்க வேணும்."

"எனக்கு?"

"ஒங்களுக்குப் பெரிய கதிரை வெச்சிரிக்கன். முன்னுக்கு."

கூட்டம் சேர்ந்தது. முயலும் மயிலும் வரைந்த சுவருக்குக் கீழே, முழங்கால் நாடியில் முட்ட, ஊர்ப் பெரியவர்கள் குட்டிக் கதிரைகளில் மடங்கி உட்கார்ந்தார்கள். மீனவக் குடும்பத்து மக்தலேனா அக்கா தன் கதிரையை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு அமர்ந்தார். சபையில் நீண்டநாள் உறுப்பினர்.

"தலவில கோயில் திருநாளுக்கு வந்த சனத்துக்குச் சமைச்சே என்ட இடுப்புப் போச்சு. இதில இருந்தா என்னை ஆர் எழுப்புறது?"

"கிறேன் கொண்டு வரச் செல்லுவம்," என்றார் பாறூக்.

"முதல்ல ஒங்கட தொந்தியைத் தூக்கட்டும் அந்தக் கிறேன்."

சிரிப்பு எழுந்தது. ஹாஜியார் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில், பெரிய கதிரை ஒன்றைத் தானே கொண்டுவந்து போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் நிஸார்.

தெரிவை நடத்த முன்பள்ளி உத்தியோகத்தர் வந்திருந்தார். பஹ்மிதா என்று பெயர், மாவனல்லைப் பிள்ளை, புதிதாக மாற்றம் பெற்று வந்தவர். ஸலாம் சொன்ன விதத்திலும் முக்காட்டை ஒதுக்கிய விதத்திலும் நல்ல வளர்ப்புத் தெரிந்தது. ஹாஜியாருக்குப் பிடித்துப்போயிற்று.

"பழைய நிர்வாக சபை கலைஞ்சது," என்றார் பஹ்மிதா. "இப்ப தலைவர் தெரிவு. ஆராவது பெயர் செல்லுங்க."

பாறூக் எழுந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்திறங்கியவர். ஹாஜியாரின் தென்னந்தோட்டத்தில் அன்று முதற் குடிசை போட்டவர் அவர்தான். வருடா வருடம் ஹாஜியாரின் பெயரைப் பிரேரிப்பது அவருடைய பாத்தியதை. வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை.

"இந்த நேர்ஸரிக்கு மண் குடுத்த குடும்பம். மரியாதைக்குரிய அபூசாலி ஹாஜியாரை நான் தலைவரா பிரேரிக்கிறன்!"

ஹாஜியார் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, சபையை ஒரு முறை பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். சபைக்கு நன்றி. ஆனா எனக்கு வாணாம். வயசு போயிட்டு. வேற நல்ல ஆளாப் பாருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எப்போதும் போல அழகாகத்தான் சொன்னார். மன்றாடுவதற்குப் பாறூக் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார்.

"சரி," என்றார் பஹ்மிதா. "ஹாஜியார் விரும்பல்ல. வேற பெயர்?"

இழுத்த காற்றை எங்கே விடுவது என்று தெரியாமல் பாறூக் நின்றார்.

"மிஸ்... அது... அவர் சும்மா செல்றது."

"சும்மாவா?"

"சும்மா எண்டா... சும்மா இல்ல... எங்கட ஊர்ல அப்பிடித்தான் செல்றது."

பஹ்மிதா குழம்பிப்போனார். "விருப்பமில்லாதவங்கள வற்புறுத்திப் பதவியில வெக்கக் கூடாது எண்டு எங்களுக்குக் கண்டிப்பாச் செல்லியிருக்கி." பிறகு, மரியாதையோடுதான், ஹாஜியார் பக்கம் திரும்பினார். "ஹாஜியார், நீங்க சும்மாவா சென்னீங்க?"

நேரான கேள்வி. ஒரு தலையசைப்புப் போதும்; ஓம் மகள், ஒப்புக்குச் சொன்னது என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அத்தனை முகங்களும் அந்தத் தலையசைப்புக்காகக் காத்திருந்தன. மடங்கி உட்கார்ந்திருந்தவர்கள் மூச்சைக்கூட மடக்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் தலையை அசைத்தால் என்ன பொருள்? அபூசாலி ஹாஜியார் சபையில் எழுந்து நின்று பேசுகிற பேச்சு வெறும் பேச்சு என்றல்லவா பொருள். கடைசி வரிசையில் நிஸாரின் உதடு ஓரமாகக் கோணியதை அவர் கண்டார்.

"நான் சும்மா ஒண்டும் கதைக்கிற ஆள் இல்ல, மகள்," என்றார்.

சொன்ன மாத்திரத்தில், வாப்பா வைத்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தாமே சாத்தி, தாமே வெளியில் நின்றுகொண்டார். வாயால் கெட்டது தவளை என்பார்கள். மரியாதையால் கெட்ட மனிதரைப் பற்றி எந்தப் பழமொழியும் அவருக்கு நினைவு வரவில்லை.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "நிஸாரைப் பிரேரிக்கிறன்."

"ஆமோதிக்கிறன்," என்றது பக்கத்துக் குரல், சொல்லி வைத்தாற்போல.

"உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார் பஹ்மிதா.

"சபை விரும்பினாச் சரிதானே," என்றான் நிஸார். மறுப்பின் சாயல்கூட அதில் இல்லை. யாரும் எதிர்பாராத பெயர். அவன் தலைமைக்கு நிற்பான் என்று இந்த நிமிடம் வரை ஊரில் ஒரு காக்கைகூடக் கரையவில்லை.

ஹாஜியாருக்கு இரைச்சல் கேட்டது. பெருந்தெருவில் போகிற டிப்பரா, தம் காதுக்குள் ஓடுகிற இரத்தமா என்று புரியவில்லை.

"வேற பெயர் இல்லாட்டி..." என்று பஹ்மிதா தொடங்கினார்.

"இரிக்கி, பொறுங்க!" மக்தலேனா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தெருவைத் தாண்டி என்ட பேரனை நான் அனுப்ப மாட்டன். எங்கட செயலாளர் றைஸாவைப் பிரேரிக்கிறன்."

றைஸாவின் பேனை நின்றது.

"ஆமோதிக்க ஆர்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. விருப்பம் இல்லாமல் அல்ல. ஹாஜியார் வீட்டு மருமகளின் பெயரைச் சபையில் எடுக்க, ஹாஜியார் முகம் பார்க்காமல் யாருக்குத் துணிச்சல் வரும்? பாறூக் அவரைப் பார்த்தார். பாறூக்கைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

தம் வீட்டுப் பெண், மகன் வெளிநாட்டில், நாளைக்குச் சந்தியில் நின்று நாலு பேர் அவள் பெயரைச் சொல்லித் தர்க்கம் பண்ணுவார்கள். வேண்டாம் என்று அவருடைய மனம் உறுதியாகச் சொன்னது. அது ஒப்புக்குச் சொன்னது அல்ல. ஆயினும் மாற்று என்ன? கடைசி வரிசைக் கதிரை முன்னுக்கு வரும். அவ்வளவுதான்.

ஹாஜியார் எழுந்தார். முதுகு எப்போதும் போல நிமிர்ந்துதான் இருந்தது.

"நான் ஆமோதிக்கிறன்."

"றைஸா, உங்களுக்கு விருப்பமா?"

இப்போது அவள் என்ன சொல்வாள் என்று ஊருக்கே தெரியும். எனக்கு ஏலாது, அனுபவம் போதாது என்பாள். அதைச் சொன்னால் இந்த மாவனல்லைப் பிள்ளை அவள் பெயரையும் வெட்டிவிடும். சபை நடுவே மருமகளுக்குக் கண்ஜாடை காட்டுவதா?

"ஓம்," என்றாள் றைஸா. "விருப்பம்."

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. அதற்குள் அஸர் பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டு வந்து கை உயர்த்தலாம் என்றார் பஹ்மிதா.

பள்ளிவாசல் குழாயடியில் ஹாஜியார் வுழூச் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்துக் குழாயைத் திறந்தான் நிஸார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்ல. வெட்கம். ஒண்ட மாமிட முகத்துக்காவது பயந்திருக்கலாம் நீ."

"வெட்கப்பட நான் தனி ஆள் இல்ல." நிஸார் குரலைத் தாழ்த்தினான். "விடுதியில அஸ்ஜத் மச்சானும் பங்கு. உழைச்சதை எல்லாம் அதிலதான் போட்டிரிக்காரு. ஒங்களுக்கிட்டச் செல்லப் பயம். அந்த மணல் கிடைக்காட்டி ரெண்டு பேருக்கும் அடிதான்."

ஹாஜியாரின் கையிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது. முழங்கை வரை கழுவினாரா, மணிக்கட்டோடு நிறுத்தினாரா, தெரியவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

"றைஸாக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ தலைவியா வந்தா மணலைத் தரமாட்டா. பிறகு ஒரு நாள் தெரிய வரும். புருஷன் ஒரு பக்கம், பொஞ்சாதி ஒரு பக்கம். நீங்களே அந்த வீட்டுக்குத் தீ வெக்கப் போறீங்களா? கையைக் கீழ வெச்சிட்டுச் சும்மா இருந்தாப் போதும், மாமா. ஒங்கட மானத்துக்குத்தான் செல்றன்."

"என்ட மானத்தை நீ பாதுகாக்கிற காலம் வந்திட்டா?" என்றார் ஹாஜியார். ஆனால் குரலில் வலு இல்லை.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தபோது, என்ன ஓதினோம் என்பது அவருக்கு நினைவில்லை. அஸ்ஜத்! போன வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் கதைத்தானே. சுகம் கேட்டான், மழை கேட்டான், உம்மாவின் கால்வலி கேட்டான். பாட்டனாரின் நிலத்தைக் கேட்கிறவன் அதை மட்டும் கேட்கவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பினார்கள்.

"நிஸாருக்கு ஆதரவானவங்க கையை உயர்த்துங்க."

பின்வரிசைகளில் கைகள் எழுந்தன. நடுவில் சிலர் கையைத் தூக்குவதா விடுவதா என்று திணறி, ஹாஜியாரின் முதுகைப் பார்த்தார்கள். அவருடைய கைகள் முழங்காலின் மேல் கிடந்தன.

"றைஸாவுக்கு ஆதரவானவங்க."

ஒரு கையும் எழவில்லை. மக்தலேனா அக்காகூட ஹாஜியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை எந்தப் பக்கமோ, ஊர் அந்தப் பக்கம்.

கை கீழே கிடந்தால் வீடு அமைதியாக இருக்கும். மகனும் மருமகளும் ஒரு கோப்பையில் தேநீர் குடிப்பார்கள். பிள்ளைகள் டிப்பருக்கு முன்னால் கைகோத்து நிற்கும். வாப்பாவின் கொடை வண்டிக்கொட்டகை ஆகும். கையைத் தூக்கினால் நிலம் நிற்கும். வீட்டுக்குள் என்ன நிற்கும், என்ன விழும், அல்லாஹ்தான் அறிவான். வீட்டுச் சண்டை வீட்டோடு போகும். வாப்பாவின் பெயருக்கு வருகிற இழுக்கு கபுறுக் குழி வரை கூட வரும்.

இன்னொன்றும் தோன்றியது. இந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இந்தப் பிள்ளையைத்தான் நெருப்புக்குள் அனுப்புகிறோம். அந்த நினைப்புத்தான் கையைக் கல்லாக்கியது.

பஹ்மிதா மறுபடி கேட்க வாயெடுத்தார்.

ஹாஜியார் கையை உயர்த்தினார்.

பாறூக்கின் கை, மக்தலேனா அக்காவின் கை, பிறகு அலை அலையாக மற்றவர்களின் கைகள். எண்ணத் தேவையில்லாத அளவுக்குக் கைகள். நிஸார் கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு, யாருக்கும் ஸலாம் சொல்லாமல் வெளியேறினான்.

பிளேன்டீயும் பட்டிஸும் பரிமாறப்பட்டுச் சனம் கலைந்தது. றைஸா கையில் ஒரு கோப்பையோடு மாமனாரிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நீங்க ஆமோதிப்பீங்க எண்டு நான் நினைக்கல்ல, மாமா."

"நானும் நினைக்கல்ல, மகள்."

"வாணாம் எண்டு செல்லாமப் போனது ஒங்களுக்குக் கோவமா?"

"நீயாவது செல்லாம விட்டியே," என்றார் ஹாஜியார். அன்று முழுவதும் அவர் முகத்தில் வராத சிரிப்பு, பாதி வந்து நின்றது. குழாயடியில் கேட்டதை இப்போதே சொல்லிவிட வேண்டும். எந்தச் சொல்லில் தொடங்குவது?

அவளுடைய தொலைபேசி அடித்தது.

"இவர்தான்! நீங்களே செல்லுங்க மாமா. நம்ப மாட்டாரு." அவள் ஒலியைக் கூட்டி, இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"றைஸா!" அஸ்ஜதின் குரல் அவசரமாக வந்தது. ஸலாம் இல்லை. "கூட்டம் முடிஞ்சா? நிஸார் மச்சான்தானே வந்தது?"

றைஸாவின் சிரித்த முகம் சிரித்தபடி இருந்தது; கண்கள் மட்டும் மாறின.

"நிஸார் காக்கா நிண்டதே எங்களுக்கு இண்டைக்குத்தான் தெரியும்," என்றாள் மெதுவாக. "கட்டார்ல இரிக்கிற ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஹாஜியார் தொலைபேசியை அவளிடமிருந்து வாங்கினார்.

"வாப்பா கதைக்கிறன். ஒண்ட பொஞ்சாதிதான் தலைவி. நான்தான் ஆமோதிச்சன். லீவு கேளு. டிக்கட் எடு. ஊருக்கு வா."

"வாப்பா, நான் விளங்கப்படுத்துறன்..."

"போன்ல வாணாம். மனுசனா என்ட முன்னுக்கு வந்து நிண்டு விளங்கப்படுத்து."

இணைப்பைத் துண்டித்து, தொலைபேசியை மருமகளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்," என்றாள். "நீங்க திடுக்கிடவே இல்ல. கை தூக்க முந்தியே தெரியும். என்ன மாமா அது?"

மண்டப வாசலில் பாறூக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பஹ்மிதா தம் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுப் பேச்சு வெளியாரின் காதில் விழுவதா? ஹாஜியாரின் குரல் தானாகவே தாழ்ந்தது.

"வீட்ட போய்க் கதைப்பம், மகள்."

றைஸா மேசையைச் சுற்றிப் போனாள். தலைவருக்கென்று போட்டிருந்த கதிரையை இழுத்து, கூட்டம் கலைந்த பிறகு ஹாஜியார்கூட ஒருநாளும் உட்காராத நேரத்தில், அதில் உட்கார்ந்தாள்.

"இல்ல, மாமா," என்றாள். "இஞ்சயே கதைப்பம்."